‘அவர் எங்க?’ - திருகோணமலையில் வீடு தேடும்போது கேட்கப்படும் முதல் கேள்வி

போன வருஷம் நாலு மாசம் நானும் அக்காவும் ஸ்கூட்டியில் வீடு தேடித் திரிந்தோம். சனி, ஞாயிறு என்றால் அதுதான் வேலை. நடுவில் அவளுடைய நாலரை வயது மகன். அவனுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சந்தேகம்: “இங்க மான் வருமா?” ஆஸ்பத்திரிப் பக்கம், கடற்கரைப் பக்கம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் எல்லாம் மான் திரியும் ஊர் எங்களுடையது. வெளியூர்க்காரர் நின்று போட்டோ எடுப்பார்கள். அவனுக்கு அது வீட்டின் தகுதி.

வீட்டுக்காரர்களுக்கு வேறு சந்தேகம். “அவர் எங்க?”

முதல் இரண்டு மூன்று வீட்டில் அக்கா உண்மையைச் சொன்னாள். வழக்கு முடிந்துவிட்டது, பிரிந்துவிட்டோம், பிள்ளை என்னோடு. சொன்னதும் முகம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். யாரும் திட்டவில்லை. எல்லாரும் நல்ல சனம். ஒரு அன்ரி எங்களுக்கு நெஸ்டமோல்ட்டும் ஊற்றித் தந்தார். பிறகு, “மகள், மேல் வீட்டில தம்பியாக்கள் இருக்கிறாங்க, சரிவராது” என்றார். இன்னொருவர் வாடகைப் பேச்சையே நிறுத்திவிட்டு, “திரும்பச் சேர்ந்து இருக்க ஏலாதா புள்ள?” என்று தொடங்கினார். வீடு பார்க்கப் போய் புத்திமதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

நாலாவது வீட்டில், உவர்மலைப் பக்கம், அக்காவுக்கு முன்னால் நான் வாயைத் திறந்துவிட்டேன். “அத்தான் கட்டார்ல.” அவ்வளவுதான். வீட்டுக்காரரின் குரலே மாறிவிட்டது. எந்தக் கொம்பனி, எப்ப லீவு, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், தண்ணி மோட்டர் புதுசு, ராவில பயமிருந்தா ஒரு சத்தம் குடுங்க. ஐந்து நிமிஷத்தில் சாவியைக் கையில் தரத் தயார். வெளியே வந்ததும் அக்கா என்னோடு கதைக்கவில்லை. அந்த வீட்டை எடுக்கவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு கணக்காகவே மண்டைக்குள் ஓடுகிறது. கட்டாரில் இருக்கும் புருஷனும் வீட்டில் இல்லை. பிரிந்துபோன புருஷனும் வீட்டில் இல்லை. இரண்டு வீட்டிலும் இரவில் கதவைப் பூட்டுவது ஒரு பெண்தான், காஸ் சிலிண்டர் தூக்குவதும் அவள்தான். பாதுகாப்புத்தான் கவலை என்றால் இரண்டுக்கும் ஒரே பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் கவலை பாதுகாப்பைப் பற்றியது இல்லை.

திருகோணமலை ஆண் இல்லாத வீடுகளுக்குப் புதிய ஊரும் இல்லை. 83, 85, 90, 2006 என்று இங்கே வருஷங்களைச் சொல்லியே வீடுகளை அடையாளம் காட்டலாம். 2016ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி இலங்கையில் நாலில் ஒரு வீட்டுக்குச் சற்று அதிகமானவற்றில் பெண்தான் தலைவி. செத்துப்போன, காணாமல்போன, வெளிநாடுபோன ஆண்களுக்கு இந்த ஊரில் ஒரு சொல் இருக்கிறது, ஒரு மரியாதை இருக்கிறது. உயிரோடு பாலையூற்றில் இருக்கும், ஆனால் இந்த வீட்டில் இல்லாத ஆணுக்குத்தான் எந்தச் சொல்லும் இல்லை.

இங்கே சிலர் கேட்பீர்கள்: கிழக்கில் பெண்ணுக்குத்தானே வீடு? உண்மைதான். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இதை விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுக்கும். எங்கள் பக்கம், தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும், கலியாணம் என்றால் பெண்ணின் வீட்டார் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அக்கரைப்பற்றை வைத்து மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். 2006இல் கஞ்சனா ருவன்புர கிழக்கிலங்கையில் பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: தாய்வழிச் சமூகங்கள், ஆணாதிக்க யதார்த்தங்கள்.

சண்டை வந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியவர் புருஷன், பெண் தன் தாயின் தெருவில், சகோதரிகளுக்கு நடுவில் இருப்பாள். இது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டிலும் வேறு இடங்களிலும் பிரிந்த பெண் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுப் படலையில் நிற்கும் காட்சி இங்கே பல வீடுகளில் நடப்பதில்லை. நாங்கள் பெருமைப்படலாம்.

ஆனால் அந்தப் பெருமை உறுதி எழுதியிருக்கும் வரைக்கும்தான். அக்காவின் சீதன வீடு சாம்பல்தீவுப் பக்கம். கலியாணமாகி இரண்டாம் வருஷம் ஒரு லொறி எடுக்கவென்று அதை விற்றார்கள். கையெழுத்து வைத்தது அவள்தான். பிறகு லொறியும் இல்லை. பெற்றோரின் வீடு மிச்சம். அது கடைசிப் பிள்ளைக்கு. கடைசிப் பிள்ளை நான்.

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா ஒருநாளும் அக்காவிடம் “இங்க வந்து இரு” என்று வாயால் சொல்லவில்லை. “ரெண்டு மூணு மாசம் இரு” என்றுதான் சொன்னார். நானும் என் வீட்டில் பாதியை அக்காவுக்கு எழுதச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் பேசவில்லை. ஒரு மகளுக்கு ஒரு வீடு என்பது அழகான கணக்கு. மகள் திரும்பி வருவாள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. சட்டத்தை, சமூகத்தை, வீட்டுக்காரரைக் குறை சொல்லி எழுதும் நானும் அந்தக் கணக்கில் லாபம் பார்த்த ஆள்தான்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த ஏரியாவில் குடியிருப்பது என்பதை அதுவும்தான் தீர்மானிக்கிறது. இலங்கையின் பொது விவாகச் சட்டம் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் விவாகரத்துக்கு மூன்றே காரணம்: கலியாணத்துக்குப் பிறகான தகாத உறவு, கெட்ட எண்ணத்தோடு விட்டுப்போவது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இரண்டு பேரும் மரியாதையாகக் கதைத்துப் பிரிய இந்தச் சட்டத்தில் வழி இல்லை. (கண்டிய விவாகச் சட்டத்தில் இருக்கிறது. முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் தனி.) யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். ‘விட்டுப்போவது’ குற்றமாக இருக்கும் ஒரு சட்டத்தில், சகிக்க முடியாமல் பிள்ளையோடு வேறு வீட்டுக்கு மாறும் பெண் முதலில் யோசிப்பது வாடகையை இல்லை. நான் வெளியே போனால் வழக்கில் என்னைத்தான் விட்டுப்போனவள் என்று எழுதுவார்களா என்பதை. கொடுமை தாங்காமல் வெளியேறினால் அது அப்படி எடுக்கப்படாது என்று சட்டத்தரணி சொல்லுவார். சொல்லும்வரை எத்தனை மாசம் அதே வீட்டில், அதே அறையில் இருந்திருப்பாள்?

அடுத்தது பள்ளிக்கூடம். முதலாம் வகுப்பு அனுமதிக்குக் கல்வி அமைச்சு பல வருஷமாக வெளியிட்டுவந்த சுற்றறிக்கைகளில் பாதி இடம், அதாவது 50 வீதம், கிட்டடியில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு. கேட்க நல்லது. ஆனால் கிட்டடியில் வசிப்பதை எப்படி நிரூபிப்பது? 5 வருஷ வாக்காளர் இடாப்பு. வீட்டு உறுதி, வாடகை ஒப்பந்தம் என்றால் புள்ளி குறைவு. உங்களுக்கும் நீங்கள் கேட்கும் பள்ளிக்கும் இடையில் வேறு அரச பள்ளி இருந்தால் அதற்கும் புள்ளி வெட்டு. அடுத்த 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. இந்தப் படிவத்தை ஒருதரம் எடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு குடும்பம் தெரியும்: சொந்த வீடு, 5 வருஷம் அசையாத முகவரி, ஊரிலேயே படித்த அப்பா அல்லது அம்மா. பிரிந்துபோன தாய் வீடு மாறுகிறாள் என்றால் அவளுடைய கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது, அதுவும் பிள்ளைக்குச் சரியாக ஐந்து வயதாகும் நேரத்தில்.

திருகோணமலையில் இது இன்னும் இறுக்கம். நகரம் ஒரு கழுத்து மாதிரி. ஒரு பக்கம் டச்சுக்குடாவும் பின்குடாவும், மற்றப் பக்கம் உட்துறைமுகம். பெயர்போன பள்ளிக்கூடங்கள், கச்சேரி, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் அந்தக் கழுத்துக்குள். கடற்படைக்கும் துறைமுகத்துக்கும் போன காணி போக மிஞ்சியதில்தான் சனம் இருக்கிறது. வாடகை ஏறாமல் என்ன செய்யும்? உவர்மலையில் மாகாணசபைக் கந்தோர்களுக்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள் நல்ல வாடகை கொடுக்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டை சுற்றுலாக்காரருக்குக் கொடுத்தால் ஒரு கிழமையில் எடுக்கும் காசை நாங்கள் ஒரு மாசத்துக்குத் தரமாட்டோம். ஆக, ஒரு சம்பளத்தில் வாழும் தாய் கட்டை கணக்கில் வெளியே தள்ளப்படுகிறாள். மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை, ஆறாம் கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் காலையில் ஓட்டோக் காசு கூடும்.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்வோம். இங்கே தெருக்களுக்கு மதமும் இனமும் இருக்கிறது. எந்தத் தெருவில் யார் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டு விளம்பரத்தில் “தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்”, “முஸ்லிம் குடும்பத்துக்கு மட்டும்” என்று போடுவதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. யுத்தமும் கலவரமும் பார்த்த ஊர், பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த ‘குடும்பம்’ என்ற சொல்லும் அதே பூட்டுத்தான். நம்மாள்தான், ஆனாலும் குடும்பம் இல்லை என்று அக்காவுக்குச் சொன்னவர்கள் எல்லாரும் நம்மாட்கள்.

பிரிந்த அப்பாக்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சீதன வீட்டிலிருந்து வெளியேறும் ஆள் எங்கே போகிறார்? என் நண்பனின் அப்பா நகரத்தில் ஒரு அறையில் இருந்தார், ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. நண்பன் ஞாயிறு போனால் இரண்டு பேரும் கடற்கரையில் நடந்து, சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, ஐந்து மணிக்குப் பிரிந்துவிடுவார்கள். தன் அப்பா தூங்கி எழும்பிய முகத்தை ஆறு வருஷம் பார்க்கவில்லை என்று அவன் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். தனி ஆம்பிளைக்கு வீடு கொடுக்க மாட்டோம் என்பதும் இதே ஊர்தான்.

அதனால்தான் அக்காவோடு நான் சண்டை பிடித்தேன். அவளுக்குப் பழைய அத்தானிடமிருந்து முடிந்தளவு தூரம் போக வேண்டும். கொழும்புக்கே போனால் என்ன என்றும் ஒரு கட்டத்தில் கேட்டாள். அங்கே யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், அது உண்மை. அடி, உதை, குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுவது என்று இருந்தால் நானும் பெட்டியைக் கட்டிக் கொடுத்திருப்பேன். அப்படியானவர்களுக்கு இந்தக் கட்டுரையின் எந்த ஆலோசனையும் பொருந்தாது, தூரமே நல்லது. எங்கள் வீட்டுக் கதை அது இல்லை. அவர் மோசமான புருஷன், ஓரளவு நல்ல அப்பா. நான் கேட்டது ஒன்றுதான்: இவன் பத்து வயதில் தன்பாட்டில் சைக்கிளில் அப்பாவிடம் போய் வரக்கூடிய தூரத்தில் வீடு எடுப்போமா? வளர்ந்தவர்களின் கோபத்துக்குப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி இறக்கக் கூடாது.

‘நல்ல ஏரியா’ என்று நாங்கள் சொல்வதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. உயர்ந்த மதில், பூட்டிய கேட், பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாத அமைதி. இரண்டு சம்பளமும் ஒரு காரும் இருக்கிற வீட்டுக்கு அது சரி. ஒற்றை ஆளாய் பிள்ளை வளர்ப்பவளுக்கு வேண்டியது வேறு. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையைப் பள்ளியில் விட யார்? வேலை முடிய ஆறு மணியானால் அவன் யார் வீட்டு விறாந்தையில் இருப்பான்? வியன்னா நகரத்தில் 1997இல் பெண் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு 350க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியபோது, தாய்மார் ஒரு நாளில் எங்கெங்கே நடக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் திட்டம் போட்டார்கள். முற்றத்தில் விளையாடும் பிள்ளை வீட்டுக்குள் நிற்பவரின் கண்ணில் படவேண்டும், பாலர் பாடசாலை வளவுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திருக்கடலூரிலும் மனையாவெளியிலும் நெருக்கி நெருக்கி இருக்கும் வீடுகளில் எந்தக் கட்டடக் கலைஞரும் இல்லாமல் இது நடக்கிறது. அதே யன்னல்கள் வம்புக்கும் திறக்கும் என்பது வேறு விஷயம். அதையும் சேர்த்துத்தான் வாடகை.

கடைசியில் வீடு கிடைத்தது அன்புவழிபுரத்தில். இரண்டு அறை, தகரக் கூரை, நல்ல தண்ணிக் கிணறு. மதில் இல்லை, வேலி. மான் வராது, அதற்கு ஒரு வாரம் அழுதான். அத்தான் இருக்கும் இடத்துக்குச் சைக்கிள் தூரம். பெயர்போன பள்ளிக்கூடம் கிடைக்காது, இந்த வருஷம் நடந்து போகக்கூடிய சின்னப் பள்ளிக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அதில் பெரிய கவலை, எனக்கு இல்லை. கிராம சேவகரிடம் பதியப் போனபோது குடும்பத் தலைவர் என்ற இடத்தில் யார் பேர் என்று ஒரு சின்ன இழுபறி. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் பெண் பேரில் இருந்த வீடு கடலோடு போய், புது வீடு புருஷன் பேரில் வந்த கதைகள் அம்மா நிறையச் சொல்லியிருக்கிறார். அக்கா பேனையைத் தரச் சொல்லித் தானே எழுதினாள்.

வீட்டுக்காரம்மா அதே வளவில் இன்னொரு பகுதி கட்டுகிறா. தை மாசம் முடியும் என்கிறா. பிள்ளையோடு தேடுகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், ஆணோ பெண்ணோ. அவ எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “சமையல் காஸா, விறகா?” விறகென்றால் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டுத் தருவாவாம்.