பெயர் இல்லாத நிலப்படம் பாதி ஆய்வே

பழங்காலத்தில் மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் இருந்த உறவை ஆராய்வதாகக் கூறும் ஆய்வேடுகளில் இன்று ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. செயற்கைக்கோள் படம் ஒன்று, நில உயரத் தரவு ஒன்று, தொல்லிடங்களைக் குறிக்கும் புள்ளிகள் சில, இவற்றை ஜி.ஐ.எஸ். மென்பொருளில் அடுக்கினால் வண்ணப்படம் ஒன்று கிடைக்கிறது. நீர்நிலைக்கு எத்தனை மீட்டர் தொலைவில் மக்கள் குடியேறினர் என்ற முடிவும் உடன் கிடைக்கிறது. அம்மக்கள் தம் நிலத்துக்கு இட்ட பெயரும், நிலத்தை வகைப்படுத்திய சொல்லும் அப்படத்தில் இல்லை. மொழியை விலக்கிய இம்முறை பாதி ஆய்வு. பல வேளைகளில் பிழையான ஆய்வும்கூட.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அவ்வூருக்கு மேற்கே, கடற்கரையை ஒட்டி நீண்ட நீர்க்கோடு ஒன்று செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது. பழைய குடியிருப்புகளை ஆராயும் மாணவர் அதை இயற்கை நீர்வழி என்று கொண்டு தொலைவுகளைக் கணக்கிடக்கூடும். அதன் பெயரோ பார்வதி புத்தனாறு. ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சிக் காலத்தில், 1820களில் வெட்டப்பட்ட கால்வாய் அது. 'புத்தன்' என்ற அடையே அது பழைய ஆறு அன்று என்று அறிவிக்கிறது. படத்தில் இல்லாத காலக்கணக்கு பெயரில் இருக்கிறது.

இரண்டாவது சான்று குளம். படத்தை வகைப்படுத்தும் நிரலுக்கு எல்லாக் குளமும் 'நீர்நிலை' என்ற ஒரே நிறம். எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1730களில் மார்த்தாண்ட வர்மர் அவர்களை ஒடுக்கியபோது, வீடுகளை இடித்து அவ்விடங்களில் குளம் தோண்டினார் என்பது திருவிதாங்கூரின் வழிவழிச் செய்தி. அடியோடு அழிப்பதை மலையாளத்தில் இன்றும் 'குளம் தோண்டுதல்' என்பர். இச்செய்தி ஒவ்வொரு குளத்துக்கும் பொருந்தும் என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு குளம் பாசனத்துக்கு மட்டுமன்றித் தண்டனையாகவும் தோண்டப்பட்டிருக்கலாம் என்ற ஐயமே இல்லாத ஆய்வு, தன் முன்னுள்ள நிலத்தை அறியவில்லை.

மூன்றாவது சான்றே மிகக் கடுமையானது. கேரள வருவாய் ஆவணங்களில் 'நிலம்' என்பது பொதுவான தரையைக் குறிப்பதில்லை. நெல் விளையும் ஈரநிலத்தைக் குறிக்கிறது. வீடும் தென்னையும் உள்ள மேட்டுப்பகுதி 'புரையிடம்'. வயல்களின் தொகுதிக்குத் தென்கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் 'ஏலா' என்று பெயர். ஆவணத்தைக் கணினியில் ஏற்றுபவர் 'நிலம்' என்பதை வெறும் தரை என்று பெயர்த்துவிட்டால், ஓர் ஈரநிலம் முழுவதும் தரவிலிருந்து மறைந்துவிடும். பின்னர் எத்தனை நுட்பமான கணக்கீடும் அதை மீட்டுத் தராது.

இடப்பெயர்கள் நம்பத்தக்கவை அல்ல, பெயர்கள் இடம்பெயரும், மக்கள் பொருள் புனைந்துகொள்வர் என்ற மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பே. கழக்கூட்டத்து டெக்னோபார்க்கிலேயே பம்பை, பெரியாறு, நிளா என்ற பெயர்களில் கட்டடங்கள் நிற்கின்றன. அப்பெயர்களைக் கொண்டு அங்கே மூன்று ஆறுகள் ஓடின என்று முடிவு கட்டுவது பேதைமை. ஆனால் இதே கண்டிப்பை உயரத் தரவிடம் ஏன் காட்டுவதில்லை? பலரும் பயன்படுத்தும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. அதன் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட். அடர்ந்த தென்னந்தோப்பில் அது காட்டும் உயரத்தில் மர உச்சியும் கலந்திருக்கும். நிரப்பிய வயலில் அது காட்டுவது நிரப்பிய மண்ணின் உயரத்தை. அதை வைத்து இரும்புக் காலத்து நிலத்தோற்றத்தை வரைவது அறிவியல், பெயரைச் சான்றாக்குவது கற்பனை என்பது எந்த நியாயம்? இரண்டும் குறையுள்ள சான்றுகள். முன்னதன் குறை எண்ணுக்குள் ஒளிந்திருப்பதால் கேள்வியின்றித் தப்பிவிடுகிறது.

பெயரை ஒழுங்கோடு கையாளும் வழி கடினமானதன்று. ஒவ்வொரு பெயருக்கும் கிடைக்கும் மிகப் பழைய வடிவம், அது பதிவான ஆண்டு, பதிவான ஆவணம், பொருள்கோளின் உறுதி அளவு ஆகியவற்றைத் தரவு அட்டவணையில் தனித்தனி நிரல்களாகச் சேர்க்க வேண்டும். 1816 முதல் 1820 வரை வார்டும் கானரும் நடத்திய திருவிதாங்கூர் நில அளவை, 1883 முதல் 1911 வரை நடந்த நிலவரித் திட்டம், ஓலைச்சுவடிகளான மதிலகம் ஆவணங்கள் என்று சான்றுகளுக்குக் குறைவில்லை. இங்கு முன்னோடியும் உண்டு. வ.அய். சுப்பிரமணியத்தின் தலைமையில் கேரளப் பல்கலைக்கழகம் நடத்திய மலையாளக் கிளைமொழி ஆய்வு, கணினி வருவதற்கு முன்பே சொற்களை ஊர்தோறும் திரட்டியது. இன்று காரியவட்டம் வளாகத்தில் மொழியியல், தொல்லியல், தமிழ், நிலவியல் துறைகள் நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. ஒரே நிலப்படத்தில் அவை கூடுவதற்குத் தடை தொலைவன்று. மொழியைச் சான்றாக மதிக்காத மனப்பாங்கு.

இது ஏட்டுச் சண்டை அன்று. 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு கரைபுரண்டு டெக்னோபார்க் பகுதியிலும் கழக்கூட்டத்துத் துணைமின் நிலையத்திலும் வெள்ளம் புகுந்தது. எது வயல், எது நீர் தங்கும் பள்ளம் என்ற கேள்வி 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்றும் வழக்காகிறது. லாண்ட்சாட் செயற்கைக்கோளின் நினைவு 1972க்கு முன் செல்லாது. அதற்கு முந்தைய நிலத்தின் நினைவு பெருமளவு சொற்களில்தான் இருக்கிறது.

எனவே பெயர் அடுக்கு இல்லாத நிலப்படத்தை 'மனிதர்–சுற்றுச்சூழல் உறவு' என்ற தலைப்பில் நெறியாளர்கள் ஏற்கக் கூடாது. அதற்குத் தரைத்தோற்றப் படம் என்ற பொருத்தமான பெயர் ஏற்கெனவே இருக்கிறது.