உவவனமும் ஊவா மலையும்

மணிமேகலையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் ‘மலர்வனம் புக்க காதை’யிலே சிறிது நின்றுதான் மேற்செல்வர். புகார் நகரின் சோலைகளைச் சாத்தனார் அங்கே பெயர் சுட்டி நிரல்படுத்துகின்றார். இலவந்திகையில் அரசனின் உழையோர் இருப்பர். உய்யானம் வானவர்க்கு உரியது. சம்பாதி வனத்திலும் கவேர வனத்திலும் அணங்கு உறையும். அச்சமின்றிப் புகத்தக்கதென எஞ்சுவது உவவனம் ஒன்றே. உபவனம் என்னும் வடசொல்லின் திரிபு அது; ஊரையடுத்த சோலை என்பது பொருள். ஊவா என்னும் நம் மாகாணப் பெயரை இதனோடு முடிச்சுப் போட மாணவன் ஒருவன் முயன்றான். ஒலியொற்றுமை ஒன்றே கொண்டு சொற்பிறப்புக் கூறலாகாது என்று மறுத்தேன். எனினும் அவன் ஆசை எனக்குப் பிடித்தேயிருந்தது.

நம்மவர் வாழுமிடத்தைத் ‘தோட்டம்’ என்கின்றோம். எண்ணிப் பார்த்தால் விந்தையான பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை. ஆனால் காலாற நடக்கவோ நிழலில் அமரவோ அங்கு இடமில்லை. செடிக்கும் செடிக்கும் இடையிலுள்ள வழி கொழுந்துக் கூடைக்கு உரியது. விளையாடும் பிள்ளை நிரைக்குள் ஓடினால் கங்காணியின் குரல் கேட்கும்.

இத்தனைக்கும் தேயிலை இலங்கைக்கு வந்ததே ஒரு பூங்காவின் வழியாகத்தான். 1821இல் அமைந்த பேராதனைத் தோட்டத்திலே 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி காட்சிக்கென நடப்பட்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் அதனை வாணிகப் பயிராக்கினார். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, மலைகள் தேயிலைக்கு மாறின. கண்டு களிக்க வைத்த செடி நம் பாட்டன்மாரின் முதுகுச் சுமையாயிற்று. ஆங்கில நாட்டிலோ, 1847இல் பேர்க்கன்ஹெட் நகரிலே பொதுப்பணத்தைக் கொண்டு யாவர்க்கும் உரிய பூங்காவைத் திறந்தனர். அதே பத்தாண்டிலேதான் நம் முன்னோர் மன்னார்க் கரையிறங்கி, காடு வழியே கால்நடையாக மாத்தளை நோக்கி நடந்துகொண்டிருந்தனர்.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு பதுளைத் தாவரவியற் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். மனைவியின் தமையனார் வீட்டாரும் தோட்டத்திலிருந்து வந்திருந்தனர். அவர் பேத்திக்கு ஏழு வயது. வழியோரம் நின்றபடியே, “தாத்தா, புல்லிலே ஒக்காரலாமா? யாரும் ஏசமாட்டாங்களா?” என்று கேட்டாள். “ஒக்காரும்மா, இது எல்லாருக்கும் பொது” என்றேன். அவள் என்னை நம்பாமல் தன் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பாட்டிக்கும் அது நிச்சயமில்லை. நாற்பதாண்டு கொழுந்து பறித்த அம்மையார், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பலகையின் விளிம்பிலே அமர்ந்திருந்தார்.

தோட்டங்களில் மைதானம் இல்லையா என்பர் சிலர். பல தோட்டங்களில் உண்டுதான். மாலையில் இளைஞர் பந்தாடுவர், நல்லதே. பெண்பிள்ளைக்கும், ஓய்வு பெற்ற முதியோர்க்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் அங்கே என்ன இருக்கிறது? மாரியம்மன் கோயில் முற்றமும் லயத்து வாசற்படியுமே அவர்தம் சோலைகள்.

இதற்குச் சட்டம் தடை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைச் சுட்டி, தனியார் காணியான தோட்டத்திலே சபைப்பணத்தைச் செலவிடுதல் எளிதன்று என்றனர். நம் மக்கள் வாக்களித்து அமைத்த சபை, நம் மக்கள் வாழும் லயத்துக்கு விளக்கொன்று போடவும் தயங்கிற்று! 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே உறுப்பினர்கள் இனிப் பழைய காரணத்தைக் கூறுதல் பொருந்தாது.

நாம் கேட்பது பெரிதன்று. தேயிலைக்கு உதவாத நிலம் எத்தோட்டத்திலும் சிறிதேனும் உண்டு. தோட்ட நிருவாகம் அதிலே ஓர் ஏக்கரை விடுவிக்கட்டும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் நேர்ந்ததை மறவாது, மண்சரிவு அபாயமற்ற இடமாக அது தேர்ந்தெடுக்கப்படல் வேண்டும். நான்கு பலகைகள், ஓர் ஊஞ்சல், குடிநீர்க் குழாய் ஒன்று ஆகியவற்றைச் சபை தரட்டும். மரக்கன்றுகளை நம் பாடசாலைகள் நடும். கொன்றையையும் நாகத்தையும் நூலிலே மட்டும் கண்ட மாணவர்க்கு அவற்றை நேரிற் காட்டும் வாய்ப்பாகவும் அது அமையும். ஊவாவின் பிரதேச சபைகள் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலே ஆளுக்கொரு தோட்டத்தையேனும் இதற்கெனக் குறித்துக்கொள்ளுமா?