பட்டம் பெற்ற பெண்ணுக்கு விழா எடுப்பது யார்?

ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் பெண்கள் கூட்டம் அலைமோதும். காவிரியில் குளிப்பார்கள். மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அன்று தனி மதிப்பு.

பெண்ணுக்கு எடுக்கும் விழாவுக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் கொண்டு வருவார். அடுத்தது கல்யாணம். அதற்கு அடுத்தது வளைகாப்பு.

அதே பெண் பி.ஏ. தேறினால்?

பல வீடுகளில் அன்று ஒரு பாயசம்கூடக் கிடையாது! பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள் போய்விடும்.

அமெரிக்காவின் "சகோதரிகள்"

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகளுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. "சொராரிட்டி" என்று பெயர். சகோதரிகள் சங்கம் என்று பொருள். அதில் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் சகோதரி என்றே அழைக்கிறார்கள்.

படிப்பு முடிந்தாலும் இந்த உறவு முடிவதில்லை. பழைய மாணவிகள் பல ஊர்களில் கிளை அமைத்திருக்கிறார்கள். பட்டம் பெறும் மாணவிகளுக்கு அவர்கள் விழா எடுக்கிறார்கள். மூத்தவர்கள் வரிசைக்கு அவர்களை வரவேற்கிறார்கள்.

1908-ம் ஆண்டு வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் "ஆல்பா கப்பா ஆல்பா" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் பல கல்லூரிகளின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. ஒருவருக்கு ஒருவர் கைகொடுக்கச் சங்கம் தேவைப்பட்டது.

1986-ல் அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாயார் சியாமளா, சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண். கமலா 2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்தார். 2020 தேர்தலில் அவருக்காக உழைத்தவர்களில் இந்தச் "சகோதரிகள்" ஏராளம்.

இந்தச் சங்கங்களில் குறையும் உண்டு. செலவு அதிகம். புதிதாகச் சேருபவர்களைத் துன்புறுத்திய சம்பவங்களும் நடந்திருக்கின்றன. அவை நமக்கு வேண்டாம். பழைய மாணவிகள் காட்டும் பாசம் மட்டும் போதும்.

நம் ஊர் சகோதரி

இது நமக்குப் புதிதும் அல்ல. சகோதரி சுப்புலட்சுமி சிறுமியாக இருந்தபோதே கல்யாணம் ஆகி, விதவை ஆனவர். மனம் தளராமல் படித்தார். 1911-ல் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான். பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்து வைத்துப் படிக்க வைத்தார். ஒரு பெண் ஏறிய படியில் பல பெண்கள் ஏறினார்கள்!

பணம் இடம் மாறியது

தர்மபுரி மாவட்டம் படிப்பில் பின்தங்கி இருந்த மாவட்டம். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 68.5 சதவிகிதம். தமிழ்நாட்டிலேயே அதுதான் கடைசி இடம்.

இன்று ஒகேனக்கல் பக்கத்துப் பெண்ணுக்குக் கல்லூரி தொலைவில் இல்லை. பஸ் ஏறினால் பென்னாகரத்தில் ஒரு சர்க்கார் கல்லூரி. காரிமங்கலத்தில் பெண்களுக்கென்றே ஒரு சர்க்கார் கல்லூரி.

சர்க்காரின் உதவியும் மாறியது. 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம் வந்தது. படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தார்கள். பிற்பாடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022-ல் அந்தத் திட்டம் "புதுமைப்பெண்" திட்டமாக மாறியது. சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்த பெண் மேல்படிப்புக்குப் போனால், மாதம் ரூ.1,000 என்று ஆனது.

பணம் கல்யாண மேடையை விட்டுக் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டது. விழா மட்டும் இன்னும் கல்யாண மேடையிலேயே நிற்கிறது!

விழாவால் என்ன லாபம்?

"விழா சோறு போடுமா?" என்று சிலர் கேட்கலாம்.

பரிசல் ஓட்டுபவரின் மகள், மீன் வறுத்து விற்பவரின் மகள், வீட்டிலேயே முதல் பட்டதாரியாக இருப்பாள். எந்தப் பரீட்சை எழுதுவது, எந்த ஊரில் வேலை தேடுவது, எந்த விடுதியில் தங்குவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கல்லூரியை விட்டு வந்ததும் தோழிகளின் தொடர்பும் அறுந்துவிடுகிறது. அடுத்து வருவது மாப்பிள்ளை பார்க்கும் படலம்தான்.

அந்த நேரத்தில் அதே கல்லூரியில் படித்து, இன்று ஆசிரியையாகவோ நர்சாகவோ இருக்கும் ஒருவர் நேரில் வந்து வாழ்த்தினால்? பெண்ணுக்குத் தைரியம் வரும். பெற்றவர்களுக்கு நம்பிக்கை வரும். "இவளும் இப்படி ஆவாள்" என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இதற்குப் பந்தல் வேண்டாம். சீர்வரிசை வேண்டாம். கல்லூரியில் ஒரு கூடம், தோளில் போட ஒரு துண்டு, எல்லோருக்கும் கொஞ்சம் பாயசம் போதும். கூடவே, எந்த நேரத்திலும் கூப்பிட ஒரு டெலிபோன் நம்பர்.

அந்த நம்பரைக் கொடுக்க ஓர் அக்கா முன்வர வேண்டும். அவ்வளவுதான்!