அவருடைய சம்மதத்தைக் கேட்டது யார்?



ஜும்ஆ பயானில் இமாமின் உதட்டையே பார்த்துக் கொண்டிருக்கும் காது கேளாத சகோதரரை உங்கள் மஹல்லாவிலும் பார்த்திருப்பீர்கள். தொழுகை முடிந்ததும் ஆளுக்கொரு சிரிப்பு, அதோடு சரி. அவருக்கு நிக்காஹ் பேசினால் அண்ணன் பேசுகிறார். சொத்துப் பிரித்தால் மச்சான் தலையாட்டுகிறார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டது யார்?

மார்க்கச் சட்டம் அவரை ஒதுக்கவில்லை. வாய் பேச இயலாதவரின் விளங்கத்தக்க சைகை, நாவால் சொன்ன சொல்லுக்குச் சமம் என்பது ஃபிக்ஹின் விதி. உஸ்மானியர்கள் தொகுத்த மஜல்லா சட்டத்தில் அது 70வது பிரிவு. சைகை செல்லும் என்று சட்டம் சொல்லி என்ன பயன்? அதை விளங்கிக்கொள்ள ஜமாஅத்தில் ஒருவராவது வேண்டாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேட்கும் திறனில் குறைபாடு உள்ளவர்கள் நம் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேல். எனவேதான் மஹல்லா இளைஞர்கள் இந்திய சைகை மொழியின் பாலபாடத்தைக் கற்க வேண்டும் என்கிறோம். மூன்று மாதத்தில் பயானை மொழிபெயர்க்கும் கனவெல்லாம் வேண்டாம். ஸலாம், பெயர், சாப்பிட்டீர்களா, உடம்புக்கு என்ன, சம்மதமா... முதலில் இவை வரட்டும்.

தமிழைக் கையில் எழுதுவதல்ல இந்த மொழி. இதற்குத் தனி இலக்கணம் உண்டு. 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆமா, இல்லையா என்று கேட்கப் புருவத்தை உயர்த்தினால் போதும். ஆகவே கையை மட்டும் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். பெயர்களை ஆங்கில எழுத்துகளாக இரு கைகளாலும் காட்டுவார்கள். ஐந்து உயிரெழுத்துகளுக்கு இடக்கையின் ஐந்து விரல்நுனிகள். ஒரே மாலையில் பழகிவிடலாம்.

"உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டுமே" என்பார்கள் சிலர். 1880இல் மிலான் மாநாட்டில் கல்வியாளர்கள் இப்படித்தான் தீர்மானம் போட்டுப் பல நாட்டுப் பள்ளிகளிலிருந்து சைகையை விரட்டினார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அதற்காக வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைக் குழந்தைகள்!

டெல்லியில் 2015இல் அமைந்த இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்களுக்கு அகராதி வெளியிட்டது. படக்காட்சிகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் கைபேசி மட்டும் ஆசிரியர் ஆகாது. சைகை மொழி அறிந்த காது கேளாதவர் ஒருவரையே தேடிப் பிடித்து ஆசிரியராக அமர்த்துங்கள். தர்மத்துக்கு வந்து சொல்லித் தரட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேசிய சம்பளத்தை முதல் வாரமே அவர் கையில் கொடுத்துவிடுங்கள், அண்ணன் கையில் அல்ல!