கேள் என்னும் ஒரு சொல்



கிழமை நாள்களில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தேவாலயத்தில் சிறுவர்களுக்கு வேதபாடம் நடத்துகிறவன். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஞாயிறு வகுப்பில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இன்றளவும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அன்றைய பாடம் பத்துக் கற்பனைகள். மோசே சீனாய் மலையிலிருந்து இரண்டு கற்பலகைகளைக் கொண்டுவந்த வரலாற்றைச் சொல்லி முடித்தேன். தேவனுடைய கற்பனைகளுக்கு நாம் கீழ்ப்படிய வேண்டும் என்றேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி எழுந்தாள்.

“ஐயா, கற்பனை என்றால் இல்லாத ஒன்றை மனத்தில் நினைத்துப் பார்ப்பதுதானே? பள்ளியில் கற்பனைக் கட்டுரை எழுதுகிறோமே! அப்படியென்றால் இவையெல்லாம் கடவுள் சும்மா நினைத்துப் பார்த்தவையா?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சினம் வந்துவிட்டது. “வேதத்தைக் கேள்வி கேட்கக் கூடாது. சொன்னதைச் செய், அதுதான் கீழ்ப்படிதல்” என்று அதட்டி உட்கார வைத்தேன். “சரிங்க ஐயா” என்று அவள் அமர்ந்தாள். அதன் பிறகு என் வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் “சரிங்க ஐயா” என்பாள். அதை நான் நெடுங்காலம் பணிவு என்றே எண்ணியிருந்தேன்.

உண்மையில் அவள் கேட்டது மிக நல்ல கேள்வி. ஒரு தமிழாசிரியன் மகிழ்ந்து விடை சொல்லியிருக்க வேண்டிய கேள்வி! பழைய தமிழ் வேதாகமத்தில் ‘கற்பனை’ என்பது கட்டளையைக் குறிக்கும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடங்களில் ‘கட்டளை’ என்றே எழுதுகிறது. பழைய வேதாகமத்தில் இன்னொன்றையும் காணலாம். தேவன் ‘கட்டளையிட்டார்’ என்று நாம் எழுதக்கூடிய பல இடங்களில் அது ‘கற்பித்தார்’ என்கிறது. எபிரேய மொழியில் நியாயப்பிரமாணத்தைக் குறிக்கும் ‘தோரா’ என்னும் சொல்லுக்கும் போதனை, அறிவுறுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். ஆக, வேதத்தில் கட்டளையிடுகிறவர் கற்பிக்கிறவராகவும் இருக்கிறார். கற்பிக்கிறவரிடம் பிள்ளைகள் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்?

கீழ்ப்படிதல் என்னும் சொல்லையும் பார்ப்போம். எபிரேய வேதத்தில் பெரும்பாலும் இதற்கு வரும் வினை ‘ஷாமா’. அதன் நேர்ப்பொருள் செவியால் கேட்டல். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் ‘ஹுபகூவோ’ என்னும் வினை வரும். ‘கீழ்’ என்பதும் ‘கேட்டல்’ என்பதும் சேர்ந்த சொல் அது. நம் தமிழிலும் “பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறான்” என்றால் கீழ்ப்படிகிறான் என்றுதான் பொருள். ஆனால் தமிழ் ஒருபடி மேலே போகிறது. காதால் கேட்பதும் கேள். சொன்னபடி நடப்பதும் கேள். வினா எழுப்புவதும் கேள்! மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த மொழிக்குச் சொந்தக்காரர்கள் நாம். நம் வகுப்பறைகளிலோ முதல் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதைப் பிரம்பால் விரட்டி வந்திருக்கிறோம்.

வேதம் அப்படிச் செய்யவில்லை. உபாகமம் ஆறாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இஸ்ரவேலரை நோக்கிக் ‘கேள்’ என்னும் ஏவலோடு தொடங்கும் புகழ்பெற்ற பகுதி அங்கேதான் இருக்கிறது. அதே அதிகாரத்தின் இறுதியில், நாளை உன் மகன் இந்தக் கட்டளைகளெல்லாம் எதற்கு என்று கேட்பான் என்று வருகிறது. அப்போது தகப்பன் என்ன செய்ய வேண்டும்? அதட்ட வேண்டும் என்று அங்கே இல்லை. நாம் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று தொடங்கி, விடுதலை பெற்ற வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. பிள்ளையின் கேள்விக்குக் கட்டளையின் உள்ளேயே இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரம் இன்னும் வியப்பானது. செலொப்பியாத் என்பவர் ஆண்மக்கள் இல்லாமல் இறந்துபோகிறார். அவருடைய ஐந்து பெண்மக்கள் மோசேக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக வந்து நிற்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே அதைத் தேவனிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரியே என்று விடை வருகிறது. மகன் இல்லாத இடத்தில் மகளுக்கு உரிமை என்பது அன்று சட்டமாகிறது. கேள்வி கேட்டவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று அங்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் ஆபிரகாம்? மகன் ஈசாக்கைப் பலியிடு என்றதும் ஒரு சொல்லும் பேசாமல் புறப்பட்டவர்தானே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் சோதோம் நகருக்காக ஐம்பது நீதிமான்கள் என்று தொடங்கிப் பத்து வரைக்கும் தேவனிடம் வாதாடியவரும் அதே ஆபிரகாம்தான். மலையில் நடந்ததையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். கத்தியை எடுத்த பிறகு இரண்டாம் குரல் ஒன்று அவரைத் தடுக்கிறது. முதல் கட்டளையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு அவர் செவியை மூடியிருந்தால் பிள்ளை என்ன ஆகியிருப்பான்? கடைசி நொடி வரை கேட்டுக்கொண்டே இருந்ததுதான் அவருடைய கீழ்ப்படிதல்.

கேள்வி கேட்பது வேறு, சாக்குச் சொல்வது வேறு என்பதையும் மறந்துவிடலாகாது. சவுல் ராஜா பெற்ற கட்டளை அமலேக்கியரை அடியோடு அழிக்கச் சொன்ன கடுமையான கட்டளை. அதைக் குறித்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரக்கப்பட்டு ஒரு குழந்தையைக் காத்திருந்தால் பேச்சு வேறு. அவர் மிச்சம் வைத்ததோ எதிரியின் அரசனையும் கொழுத்த ஆடுமாடுகளையும்! சாமுவேல் வந்து வினவியபோது எல்லாம் பலியிடத்தான் என்று சமாளித்தார். பிறகு, மக்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

மத்தேயு இருபத்தொன்றாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை ஒன்று உண்டு. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யத் தகப்பன் தம் இரு மக்களையும் அழைக்கிறார். ஒருவன் மாட்டேன் என்கிறான். பிறகு மனம் வருந்திப் போகிறான். மற்றவன் போகிறேன் ஐயா என்று பணிவாகச் சொல்கிறான்; போகவே இல்லை. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிறுமியின் “சரிங்க ஐயா” என் காதில் ஒலிக்கிறது. அவளை அந்த இரண்டாம் மகனைப்போல் பேசப் பழக்கியவன் நானல்லவா?

பெற்றோரும் ஆசிரியரும் சபைப் பெரியவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேள்வியில்லாத பிள்ளையைக் கீழ்ப்படிந்த பிள்ளை என்று பாராட்டுகிறோம். அந்தப் பிள்ளை நாளை தவறான ஒருவர் தவறான ஒன்றைச் செய்யச் சொன்னாலும் “சரிங்க” என்றுதான் சொல்லும். வேதம் கற்பிக்கும் கீழ்ப்படிதல் அது அன்று என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சிறுமியின் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பத்துக் கற்பனைகள் பாடத்தை அவளுடைய கேள்வியைக் கொண்டுதான் தொடங்குகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிறகு கைகள் உயர்கின்றன.