மடிப்புல வளைவு எவ்வளவு?

பொறியியல் படிச்ச மக்களுக்கு எம்-1 பேப்பர் ஞாபகம் இருக்கும். வளைவு ஆரத்துக்கு ஒரு சூத்திரம். ரெண்டு தடவை வகையிட்டு உள்ளே போட்டா விடை வந்துடும். ரெண்டாவது தடவை வகையிட முடியலேன்னா? என் வகுப்புல அதை யாரும் கேட்கலை. கேட்க வெச்சிருக்கணும்ங்கறது என் கட்சி.

கனசதுரக் கம்பிச் சட்டம் ஒண்ணை சோப்புத் தண்ணியில முக்கி எடுங்க. உள்ளே மூணு மூணு படலமா 120 டிகிரியில ஒட்டி நிக்கும். பெல்ஜியத்துக்காரர் ஜோசப் பிளாட்டோ 1873-லயே புத்தகத்துல எழுதிட்டார். அந்த மடிப்புல ரெண்டாம் வகைக்கெழு கிடையாது. எம்-1 சூத்திரம் படுத்துடும். படலம் என்னவோ ஜம்முனு நிக்குது!

இதுக்கு ஒரு மாற்று வழி உண்டு. புள்ளி புள்ளியா அளக்காம, பரப்பை லேசாத் தள்ளி, மொத்தப் பரப்பளவு எவ்வளவு மாறுதுன்னு பார்க்கறது. எங்க இளம்பிள்ளையில சேலை வாங்க வர்றவங்க நூலை எண்ணுறதில்லை, உள்ளங்கையால தடவிப் பார்க்கறாங்க இல்லையா, அது மாதிரி.

ஆனா இதுல ஒரு வில்லங்கம். மடிப்புல மூணு பக்க இழுப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சிடும். அதனால வளைவு பூஜ்யம்னு இந்தச் சோதனை சொல்லும். கண்ணுக்கோ மடிப்பு தெரியுது! வில்லியம் அல்லார்ட் 1972-ல இன்னொரு நிபந்தனையும் சேர்த்தார். புள்ளியைச் சுத்தி ஒரு குட்டி உருண்டை வரைஞ்சா, உள்ளே கிட்டத்தட்ட ஒரு வட்டத்தட்டு அளவு பரப்புதான் இருக்கணும். அதோட வளைவும் கட்டுக்குள்ள இருந்தா, அங்கே பரப்பு வழவழப்புன்னு நிரூபிச்சார். மடிப்புல மூணு அரைத்தட்டு, அதாவது 1.5. அதான் தேறலை. பிளாட்டோ சொன்ன மடிப்பு வகைகளைத் தவிர வேற வராதுன்னு ஜீன் டெய்லர் 1976-ல நிரூபிச்சார். வழவழப்புங்கறது சும்மா வெச்சுக்கற அனுமானம் இல்லை, சம்பாதிக்க வேண்டிய முடிவு.

"இஞ்சினியருக்கு இது எதுக்கு?"ன்னு கேட்பீங்க. ஃபைனைட் எலிமென்ட் கணக்கும் இதே மாதிரி தள்ளிப் பார்க்கற தத்துவந்தான். கூர்மையான உள்மூலையில மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போகும். மாடல்ல அந்தப் புள்ளி சரியில்லைன்னு தெரியாதவர் அந்த எண்ணை நம்பி டிசைன் பண்ணுவார்.

புதுப் பாடமெல்லாம் வேண்டாம். சூத்திரம் நடத்தற அதே வகுப்புல ஒரு கேள்வி போதும்: "இது எந்தப் புள்ளியில செல்லாது, ஏன்?" செலவு ஒரு கம்பி, கொஞ்சம் சோப்பு. அவ்ளோதான் :-)