கூச்சம் யாருக்கு?

என் பேரனுக்கு வயது 23. ஹாட்ஜ்கின் லிம்போமா என்று தெரிந்ததும், "பையனிடம் சொல்லாதீங்க மாமா, தாங்கமாட்டான்" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

ஊசி குத்திக்கொள்ளப் போவது அவன்தானே?

கீமோ சிலருக்குப் பிள்ளை பெறும் தன்மையைக் குறைத்துவிடும். மருந்து ஏற்றுவதற்கு முன்பே விந்தணுவை எடுத்து உறையவைத்துக்கொள்ளலாம். நோயையே மறைத்துவிட்டு இதை எப்படிக் கேட்பது?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்தான் நான். எனக்கும் நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். "நல்லவேளை சொன்னீங்க தாத்தா" என்றான்.

எங்கள் அலுவலகத்தில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மனு நகராது. ஒருவன் உடம்பைப் பற்றி மட்டும் அவனைக் கேட்காமலே நாம் முடிவெடுக்கலாமா?

பெரியவர்களே, மறைக்காதீர்கள். முதல் கீமோவுக்கு முன்பே பேசிவிடுங்கள்.